ஜேன் ஐரின் காதலும் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலைப் படிக்காதவர்கள் இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். 'ஜேன் ஐர்' சார்லட் பிராண்ட்டி எழுதி 1847 அக்டோபரில் லண்டனில் வெளிவந்த நாவல். பெற்றோரை இழந்த ஜேன், தாய்மாமன் வீட்டில் மாமியின் வெறுப்பில் வளர்கிறாள். பத்து வயதில் லோவுட் என்ற தர்மப் பள்ளிக்குத் தள்ளிவிடப்படுகிறாள். அங்கே ஆறு ஆண்டு மாணவி, இரண்டு ஆண்டு ஆசிரியை. பிறகு தார்ன்ஃபீல்ட் மாளிகையில் அதேல் என்ற பிரெஞ்சுச் சிறுமிக்குப் பாடம் சொல்லும் வேலை. வீட்டுச் சொந்தக்காரன் ரோச்செஸ்டருக்கும் அவளுக்கும் காதல், கல்யாண ஏற்பாடு. தேவாலயத்தில் இருவரும் நிற்கும்போதுதான் அவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, மனநிலை பிறழ்ந்த அவளை மூன்றாம் தளத்தில் பூட்டி வைத்திருக்கிறான் என்பது வெளியாகிறது. மறுநாள் விடியுமுன் ஜேன் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பட்டினியில் சாகக் கிடந்தவளை ரிவர்ஸ் குடும்பம் காப்பாற்றுகிறது. எதிர்பாராத சொத்து வருகிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் தார்ன்ஃபீல்ட் எரிந்து கரியாகக் கிடக்கிறது, மனைவி இறந்துவிட்டாள், ரோச்செஸ்டருக்குக் கண் பார்வையும் ஒரு கையும் போய்விட்டன. ஜேன் அவனை மணந்துகொள்கிறாள்.

இது காதல் கதையா, பெண் விடுதலைக் கதையா?

இந்தக் கேள்வியைப் பலர் பட்டிமன்றத் தலைப்பு போலக் கேட்கிறார்கள். நான் சொல்லும் வழி வேறு: பணத்தைப் பின்தொடருங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை பவுண்டு, எத்தனை ஷில்லிங் (அன்று இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு) போகிறது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். இவ்வளவு உணர்ச்சிக் கொந்தளிப்பான ஒரு நாவலில் தொகைகள் இத்தனை துல்லியமாக வருவது முதலில் வேடிக்கையாக இருக்கும். போகப் போகப் புரியும், ஜேனுக்குச் சுதந்திரம் என்பது கொள்கை முழக்கம் இல்லை, கணக்கு நேராக இருப்பது. யாருக்கும் கடன்படாமல் ஒருவனை நேசிக்க முடியுமா என்பதுதான் அவளுடைய பிரச்சினை.

ஜேன் பார்த்தது என்ன வேலை? வேலைக்காரியா, ஆசிரியையா?

இரண்டுக்கும் நடுவே. கவர்னஸ் என்று பெயர். வசதியான வீட்டில் தங்கி அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்பவள். சமையலறையில் வேலைக்காரர்களோடு உட்கார முடியாது, விருந்துக் கூடத்தில் எஜமானர்களோடும் உட்கார முடியாது. அன்றைய இங்கிலாந்தில் படித்த, ஆனால் சொத்தில்லாத நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கௌரவமாகத் திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

சார்லட்டே இந்த வேலையைப் பார்த்தவர். 1841இல் ராடன் என்ற ஊரில் அவருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்று பேச்சு. துணி வெளுக்கும் செலவைப் பிடித்ததுபோகக் கையில் நின்றது ஏறக்குறைய 16. ஜேனுக்கு அவர் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்: லோவுட்டில் 15 பவுண்டு, தார்ன்ஃபீல்டில் 30.

அந்த வேலையை ஜேன் பிடித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். சிபாரிசு கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. பத்திரிகையில் தானே விளம்பரம் எழுதி, பக்கத்து ஊர்த் தபால் நிலையம்வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருகிறாள். அதற்கு முந்தைய நாள் ஜன்னலருகில் நின்று அவள் செய்யும் பிரார்த்தனை எனக்கு மனப்பாடம். முதலில் விடுதலை வேண்டும் என்கிறாள். அது காற்றோடு போய்விட்டதுபோல் தோன்றவே, ஒரு மாற்றமாவது வேண்டும் என்று இறங்கி வருகிறாள். கடைசியில், சரி, புதிய அடிமைத்தனமாவது கொடு என்கிறாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உலகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவு இருப்பது பயமாகத்தான் இருக்கிறது.

ஐம்பது பவுண்டுக் காட்சி என்கிறார்களே, அது எது?

21ஆம் அத்தியாயம். நான் முதலில் படித்த சுருக்கப் பதிப்பில் இதை வெட்டியிருந்தார்கள். முழு நூலைப் படித்தபோதுதான் எதை இழந்திருந்தேன் என்று தெரிந்தது.

சாகக் கிடக்கும் மாமியைப் பார்க்க ஜேன் விடுப்புக் கேட்கிறாள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று ரோச்செஸ்டர் கேட்க, அவள் பணப்பையை எடுத்துக் காட்டுகிறாள்: ஐந்து ஷில்லிங். அவன் பையை வாங்கி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். பிறகு தன் பையிலிருந்து ஒரு நோட்டை நீட்டுகிறான். ஐம்பது பவுண்டு. அவளுக்குச் சேர வேண்டிய சம்பளம் பதினைந்துதான். சில்லறை இல்லையே என்கிறாள். சில்லறை யார் கேட்டது, வைத்துக்கொள் என்கிறான். உரியதற்கு மேல் வாங்க மாட்டேன் என்று அவள் மறுத்துவிடுகிறாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஐம்பதும் கொடுத்தால் மூன்று மாதம் திரும்பி வரமாட்டாய், இந்தா பத்து, போதுமா என்கிறான்.

"போதும் ஐயா, ஆனால் இப்போது நீங்கள் எனக்கு ஐந்து பவுண்டு பாக்கி."

திரும்பி வந்து வாங்கிக்கொள், உன் நாற்பது பவுண்டுக்கு நான்தான் வங்கி என்கிறான் அவன்.

இருவரும் ஒரு வார்த்தைகூடக் காதலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நாவலிலேயே மிக நெருக்கமான காதல் உரையாடல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். அவன் அதிகமாகக் கொடுத்துக் கட்டிப்போடப் பார்க்கிறான், முடியாதபோது குறைத்துக் கொடுத்துக் கட்டிப்போடுகிறான். அவளோ இரண்டு முறையும் கணக்கைச் சரியாகச் சொல்கிறாள்.

பெண்களும் ஆண்களைப் போலவே உணர்கிறார்கள் என்று ஜேன் பேசும் இடம் எங்கே வருகிறது?

12ஆம் அத்தியாயத்தில். ரோச்செஸ்டர் இன்னும் கதைக்குள் வரவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சோறு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, நல்ல அறை இருக்கிறது; ஆனாலும் மூன்றாம் தளத்து நடைகூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறாள். பெண் என்றால் பலகாரம் செய்துகொண்டும் காலுறை பின்னிக்கொண்டும் பியானோ வாசித்துக்கொண்டும் அடங்கிக் கிடக்க வேண்டும் என்பவர்களைக் கண்டிக்கிறாள். ஆக, அவளுடைய தவிப்பு ஓர் ஆணுக்கான தவிப்பு அல்ல. அப்படி நடக்கும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது யாருடைய சிரிப்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ரோச்செஸ்டர் பொய்யன் இல்லையா? அவனைப் போய் ஏன் காதலிக்கிறாள்?

பொய்யன்தான். ஜோசியம் சொல்லும் கிழவியாக வேஷம் போட்டு அவள் மனதை அறியப் பார்க்கிறான். பிளான்ச் இங்ரம் என்ற பெரிய இடத்துப் பெண்ணை மணக்கப்போவதாக நாடகமாடி ஜேனைப் பொறாமைப்பட வைக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே மனைவியை மறைக்கிறான். அவனுக்காக வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அவன் ஒன்று செய்கிறான். அவளோடு பேசுகிறான், அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறான். அந்த வீட்டில், அந்தக் காலத்தில், முப்பது பவுண்டுச் சம்பளக்காரியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. 23ஆம் அத்தியாயத்தில் தோட்டத்தில் அவள் வெடிப்பதும் அதனால்தான்: நான் ஏழை, அழகில்லாதவள், சின்ன உருவம், அதனால் எனக்கு ஆன்மாவும் இதயமும் இல்லை என்று நினைத்துவிட்டீர்களா என்கிறாள். முதலில் மனதைத் திறந்து சொன்னவள் அவள்தான். அவனுடைய கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

நிச்சயமான பிறகு அவள் ஏன் சிடுசிடுக்கிறாள்? பட்டுப் புடவை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

புடவை இல்லை, கவுன். மில்கோட் நகரத்துப் பட்டுக் கடையில் ஆறு உடுப்புகளுக்குத் துணி எடுக்கச் சொல்கிறான். அவள் கெஞ்சி இரண்டாகக் குறைக்கிறாள். ஊதாப் பட்டும் இளஞ்சிவப்புச் சாட்டினும் அவன் தேர்வு. கறுப்புச் சாட்டினும் முத்துச் சாம்பல் நிறப் பட்டும் போதும் என்கிறாள். வண்டியில் திரும்பும்போது அவன் சிரிக்கும் சிரிப்பு, அடிமைப் பெண்ணுக்கு நகை போட்டு அழகு பார்க்கும் சுல்தானின் சிரிப்பாக அவளுக்குப் படுகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அதேலுக்குப் பாடம் சொல்லி, சாப்பாட்டையும் தங்கும் இடத்தையும் அந்த முப்பது பவுண்டையும் சம்பாதித்துக்கொள்வேன் என்று சொல்லிவிடுகிறாள்.

இங்கேதான் கதையின் அச்சாணி இருக்கிறது. பரிசுகளால் மூச்சு முட்டிய அந்த நாளில்தான் மதெய்ராத் தீவில் இருக்கும் தந்தையின் சகோதரர் ஜான் ஐரின் நினைவு வருகிறது. எனக்கென்று சிறிதளவாவது சொத்து இருந்தால் இந்தச் சங்கடம் இராதே என்று நினைத்து, நான் உயிரோடு இருக்கிறேன், கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று அவருக்குக் கடிதம் எழுதுகிறாள். கடிதம் போய்ச் சேரும் நேரத்தில் அங்கே தங்கியிருப்பவன் ரோச்செஸ்டருடைய மைத்துனன் ரிச்சர்ட் மேசன். தன் சகோதரியின் கணவன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளப்போகிறான் என்று அறிந்ததும் புறப்பட்டு வந்து கல்யாணத்தை நிறுத்துகிறான். பிற்பாடு ஜேனுக்குச் சொத்து கிடைப்பதும் அந்தக் கடிதத்தின் பலன்தான். தன் காலில் நிற்க வேண்டும் என்று எழுதிய நாலு வரி அவளுடைய கல்யாணத்தை உடைத்தது, அதே நாலு வரி அவளுக்கு வாழ்வும் கொடுத்தது. விதி, தற்செயல் என்று இந்த நாவலைக் குறை சொல்பவர்கள் இந்த முடிச்சைக் கவனிப்பதில்லை.

ரோச்செஸ்டரை விட்டுப் போனது ஒழுக்கத்துக்குப் பயந்துதானே?

ஒழுக்கமும் கடவுள் நம்பிக்கையும் அவளுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 27ஆம் அத்தியாயத்தில் அவளை உசுப்புவது ரோச்செஸ்டரின் சொந்த வாய்தான். பாரிசில் செலின், பிறகு ஜியாசிந்தா, கிளாரா என்று தான் வைத்திருந்த பெண்களின் கதையைச் சொல்லிவிட்டு, காசு கொடுத்து ஒருத்தியை வைத்துக்கொள்வது அடிமையை வாங்குவதற்கு அடுத்தபடியான கேவலம், அவர்களை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது என்கிறான். ஜேன் மனதுக்குள் குறித்துக்கொள்கிறாள்: நாளைக்கு என்னையும் இப்படித்தான் நினைப்பான். எவ்வளவு நேரான தர்க்கம்!

நீ என்னோடு இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள், உனக்கு உறவென்று யார் இருக்கிறார்கள் என்று அவன் மடக்கும்போது, நான் இருக்கிறேன், எனக்கு எவ்வளவு ஆதரவு குறைகிறதோ அவ்வளவுக்கு நான் என்னை மதிப்பேன் என்று தனக்குள் பதில் சொல்லிக்கொள்கிறாள். அவன் கொடுத்த முத்துமாலையை அறையிலேயே விட்டுவிட்டு, இருபது ஷில்லிங்கோடு படியிறங்குகிறாள்.

விவாகரத்து வாங்கியிருக்கலாமே?

முடியாது. 1857 வரை இங்கிலாந்தில் முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும். மனநோய் விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்பட்டது 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

வெளியேறிய பிறகு என்ன ஆகிறது?

வண்டிக்காரன் கேட்டது முப்பது ஷில்லிங். இருந்தது இருபது. அதற்கு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டான். துணி மூட்டையை வண்டியிலேயே மறந்துவிட்டாள். கழுத்தில் கட்டியிருந்த பட்டுக் கைக்குட்டையைக் கொடுத்து ஒரு ரொட்டி கேட்கிறாள், கடைக்காரி தரவில்லை. கையுறைகளை நீட்டுகிறாள், அதுவும் எடுபடவில்லை. ஒரு குடிசை வாசலில் பன்றிக்குக் கொட்டப்போன ஆறிய கஞ்சியை வாங்கிக் கையில் அள்ளித் தின்கிறாள்.

விட்டு வந்த முத்துமாலையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவள் நினைப்பதாக ஆசிரியர் எழுதவில்லை.

செயின்ட் ஜான் நல்லவன்தானே? அவனை ஏன் மறுத்தாள்?

முதலில் ஒரு சிரிப்பு. நம் முறைப்படி பார்த்தால் செயின்ட் ஜான் ரிவர்ஸ் அவளுக்கு அத்தை மகன், சரியான முறைமாப்பிள்ளை. சின்ன வயதில் அவள்மேல் புத்தகத்தை எறிந்து மண்டையை உடைத்த ஜான் ரீட் மாமன் மகன். இரண்டு முறைகாரர்களும் உதவவில்லை.

செயின்ட் ஜான் இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகும் பாதிரியார். ஜேன் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு இந்துஸ்தானி படி என்று தன்னோடு உட்கார வைக்கிறான். அவளும் படிக்கிறாள். மெல்ல மெல்ல அவன் முகம் பார்த்து எழுந்து உட்காரும் நிலைக்கு வந்துவிடுகிறாள். பிறகு, நீ உழைப்புக்காகப் படைக்கப்பட்டவள், காதலுக்காக அல்ல, எனக்கு மனைவியாக வா என்கிறான். அவன் அவளை நேசிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. தங்கையாக வருகிறேன், மனைவியாக மாட்டேன் என்கிறாள். பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்யாமல் எப்படிக் கூட்டிப்போவது என்று அவன் கேட்கிறான்.

என் கருத்தில் ரோச்செஸ்டரைவிட இவனே ஆபத்தானவன். ரோச்செஸ்டரின் பட்டை மறுக்கலாம். கடமை, தியாகம், கடவுள் என்று வருபவனை எப்படி மறுப்பது? அவனை மணந்தால் தன்னைக் கொன்றுவிடுவான், இப்போதே கொன்றுகொண்டுதான் இருக்கிறான் என்று அவள் சொல்வது மிகையாகப் படலாம். விருப்பமில்லாத கல்யாணத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அப்படிப் படாது.

சொத்து வந்ததால்தானே சுதந்திரம் வந்தது? இது ஆசிரியரின் தந்திரம் இல்லையா?

ஓரளவு நியாயமான புகார். மாமியிடம் கையேந்திய பெண்ணுக்கு இருபதாயிரம் பவுண்டு வானத்திலிருந்து விழுந்த மாதிரிதான் வருகிறது. ஆனால் அதை என்ன செய்கிறாள் பாருங்கள்: தன்னைக் காப்பாற்றிய மூன்று அத்தை மக்களோடு நாலாகப் பங்கிட்டு, தலைக்கு ஐயாயிரம் எடுத்துக்கொள்கிறாள். கடனைத் தீர்க்கும் அதே பழக்கம்.

சுத்தமான பணமா என்றால், இல்லை. ஜான் ஐர் மதெய்ராவிலிருந்து ஜமைக்காவின் மேசன் வணிக நிறுவனத்தோடு தொடர்பு வைத்திருந்தவர். ஜமைக்காவின் செல்வம் அடிமைகளின் முதுகில் ஏறி வந்தது. அங்கே முழு விடுதலை வந்ததே 1838இல்தான். ஜேன் தன்னை அடிமையோடு ஒப்பிட்டுப் பேசும் போதெல்லாம் இது எனக்கு உறுத்தும்.

மாடியில் அடைபட்ட பெர்த்தாவுக்கு இந்த நாவலில் சுதந்திரம் எங்கே?

எங்கும் இல்லை. பெர்த்தா மேசன் ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்தவள். ரோச்செஸ்டரின் தந்தை அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அவளோடு வரும் முப்பதாயிரம் பவுண்டு. ஜேனுக்கு வந்த முழுச் சொத்தையும்விடப் பெரிய தொகை! பணம் இருந்தால் பெண்ணுக்குச் சுதந்திரம் என்று யாராவது எளிதாகச் சொன்னால் பெர்த்தாவைக் காட்டுங்கள். அன்றைய சட்டப்படி கல்யாணமானதும் அந்தப் பணம் அவளுடையது அல்ல. அவளுக்குக் காவலிருக்கும் கிரேஸ் பூலின் சம்பளத்தில் தன் சம்பளம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று வீட்டுப் பணிப்பெண் பொருமுகிறாள்.

கதை முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசி நாம் நேரடியாகக் கேட்பதில்லை. பெரும்பாலும் ரோச்செஸ்டர் சொல்லித்தான். 12ஆம் அத்தியாயத்துச் சிரிப்பு அவளுடையதுதான். கல்யாணத்துக்கு முன்னால் இரவில் ஜேனின் அறைக்குள் வந்து, மணப்பெண் முக்காட்டை எடுத்துத் தன் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இரண்டாகக் கிழித்து மிதிக்கிறாள். அது ஜேன் தனக்கென வைத்திருந்த சாதாரண முக்காடு இல்லை. ரோச்செஸ்டர் லண்டனிலிருந்து வரவழைத்த விலையுயர்ந்த பரிசு. ஜேன் வேண்டாம் என்று நினைத்ததைப் பெர்த்தா கிழித்துப் போடுகிறாள்.

இந்த மௌனத்துக்குப் பதிலாக, கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்ற நாவலை எழுதினார். அதைப் படித்த பிறகு ரோச்செஸ்டரை முன்போல் பார்க்க முடியாது.

கண் போன பிறகுதான் கல்யாணம். அவனைப் பழிவாங்கும் முடிவா?

அப்படி வாசிப்பவர்கள் உண்டு. சமமாக வேண்டுமென்றால் ஆணை முடமாக்கத்தான் வேண்டுமா என்று கோபப்படுபவர்களும் உண்டு. நான் அந்தக் காட்சியையே பார்க்கச் சொல்வேன். வேலைக்காரி மேரியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, தண்ணீர்த் தம்ளரோடு ஜேன் உள்ளே போகிறாள். அவள் யாரென்று முதலில் தெரிந்துகொள்வது நாய்தான். நான் பணக்காரி, எனக்கு நானே எஜமானி, நீங்கள் இடம் கொடுக்காவிட்டால் உங்கள் வாசலையொட்டி என் பணத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்வேன் என்கிறாள். பழைய கிண்டல் முழுவதும் திரும்பிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவனுக்கு ஒரு கண்ணில் பார்வையும் திரும்புகிறது. அதனால் ஜேனின் உரிமை ஒன்றும் குறைந்ததாகக் கதையில் இல்லை.

கடைசி அத்தியாயம் தொடங்கும் வரி, வாசகரே, நான் அவரை மணந்துகொண்டேன் என்பது. நாம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று என்போம், மழை பெய்தது என்பதுபோல. அடுத்து அவள் சமையலறைக்குப் போய்ச் செய்தி சொல்கிறாள். கோழியை வாட்டிக்கொண்டிருந்த மேரியின் கரண்டி மூன்று நிமிடம் அந்தரத்தில் நிற்கிறது.

நாவல் வெளிவந்தபோது எதிர்ப்பு இருந்ததா?

விற்பனை அமோகம், கண்டனமும் அமோகம். கரர் பெல் என்ற புனைபெயரில் வந்ததால் எழுதியது ஆணா பெண்ணா என்றே பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் எலிசபெத் ரிக்பி பெயர் போடாமல் எழுதிய விமர்சனம், ஐரோப்பாவில் ஆட்சிகளைக் கவிழ்த்த மனப்போக்குதான் இந்த நாவலையும் எழுதியிருக்கிறது என்றது. திட்டாகச் சொன்னது, எனக்கென்னவோ பாராட்டாகவே கேட்கிறது.

ஐயாயிரம் பவுண்டு கல்யாணத்துக்குப் பிறகு யாருடையது?

நல்ல கேள்வி, நாவல் தொடாத கேள்வி. மணமான பெண்ணின் சொத்து முழுமையாக அவள் பெயரிலேயே நிற்க வழிசெய்த சட்டம் 1882இல்தான் வந்தது. அதற்கு முன் 1870இல் ஒரு சிறு தொடக்கம். ஜேன் மணந்த காலத்தில், தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி அறங்காவலர் பொறுப்பில் வைத்தால் ஒழிய, அந்தப் பணம் ரோச்செஸ்டருக்குப் போயிருக்கும். ஜேன் அப்படி எழுதினாளா என்று கதையில் இல்லை.

சார்லட் எழுதினார். 1854 ஜூன் 29 அன்று தந்தையின் உதவிப் பாதிரியாரான ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணப்பதற்கு முன்பே, தன் எழுத்துச் சம்பாத்தியத்தைத் தன் தனி உபயோகத்துக்கென்று அறங்காவலர் பொறுப்பில் வைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ஒன்பது மாதம் கழித்து, 1855 மார்ச் 31 அன்று இறந்துபோனார். அதற்கு முந்தைய மாதம் நோயில் படுத்திருந்தபோது உயில் எழுதினார். எல்லாவற்றையும் கணவருக்கே கொடுத்திருந்தார்.